இல்லறத்தாரும் வெந்நீரும்

நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும் தீயையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்பது நம் ஆகமம் காட்டும் உண்மை. அடுப்பின்மீது ஒரு குண்டான் நீரை ஏற்றும்பொழுது இவ்விருவகை ஓரறிவுயிர்களுக்கும் ஒருங்கே ஊறு விளைகிறது. நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் அவர்கள் வெந்நீர் வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கும், மார்கழி விடியலில் ஆலயம் செல்லும் முதியவருக்கும் வைத்தார்கள். ஆனால் இத்தனை பேருக்கு இத்தனை செம்பு என்று எண்ணி அண்டாவில் நீர் விட்டார்கள். கிணற்றிலிருந்து இறைத்ததும் அவர்கள் கை, விறகு பொறுக்கியதும் அவர்கள் கை. ஆதலால் அளவு தானே வந்தது. இன்று பொத்தானை அழுத்தினால் வெந்நீர் வருகிறது. எண்ண வேண்டிய தேவை மறைந்ததோடு எண்ணும் வழக்கமும் மறைந்துவிட்டது.

வெந்நீர் வைக்கலாமா, கூடாதா என்பதன்று நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இல்லறத்தான் துறவியல்லன். ஓரறிவுயிர்களுக்கு நேரும் ஊற்றை முழுவதும் விலக்குதல் அவனுக்கு இயலாது என்பதை உணர்ந்தே அணுவிரதங்கள் வகுக்கப்பட்டன. சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் சாவக ஒழுக்கத்தை விரித்துரைப்பன. சமந்தபத்திரர் கூறும் குணவிரதங்கள் மூன்று: திக்விரதம், அநர்த்த தண்ட விரதம், போகோபபோக பரிமாணம். இவற்றுள் அநர்த்த தண்டம் என்பது பயனில்லாத தீங்கு. அதன் ஐவகையுள் ஒன்று பிரமாதசரியை, அதாவது கவனமின்மையால் செய்யும் செயல். பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை முறித்தல் ஆகியவை இதனுள் அடங்கும். நீரும் தீயும் அடுத்தடுத்து நிற்பதைக் காண்க. இனி, போகோபபோக பரிமாணத்தில் நாள்தோறும் அளவு வரைந்துகொள்ளத்தக்க பொருள்களின் வரிசையில் உணவு, ஊர்தி, படுக்கை ஆகியவற்றோடு நீராடலும் வைத்து எண்ணப்படுகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு நாளில் நாம் சூடாக்கும் நீரில், நம் உடலின்மேல் விழுந்து பயன்படுவது எவ்வளவு? விழாமலே ஆறிப்போவது எவ்வளவு? இக்கேள்விக்கு விடை கூறுவது நம் வீட்டு மின் அளவியும் எரிவாயு உருளையுமே.

சூட்டின் கணக்கு

பள்ளியில் படித்த ஒன்றை நினைவுகூர்ந்தால் போதும். ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடேற்ற ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பம் 860 கிலோ கலோரி. 27 பாகையில் உள்ள 20 லிட்டர் நீரை, உடம்பு தாங்கும் இதமான 40 பாகைக்குக் கொண்டுவர 13 பாகை உயர்த்த வேண்டும். இருபதைப் பதின்மூன்றால் பெருக்கினால் 260 கிலோ கலோரி. அஃதாவது ஒரு வாளிக் குளியலுக்கு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. நால்வர் உள்ள குடும்பத்தில் நாளொன்றுக்கு 1.2 யூனிட். இரண்டு மாத மின்பட்டியலில் இது ஏறத்தாழ 72 யூனிட் ஆகும். இது பயனுள்ள வெந்நீர். இதனை யாரும் குறை கூறுவதற்கில்லை.

இனிப் பயனில்லாததைப் பார்ப்போம். குளியலறைச் சுவரில் தொங்கும் கீசரில் 25 லிட்டர் நீர் நிற்கிறது. அதனை 60 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். சூடேறியதும் விளக்கு அணைகிறது. வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். கலத்தின் சூடு சுவர் வழியாகவும் குழாய் வழியாகவும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. நீர் சற்று ஆறியதும் உள்ளிருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மீண்டும் மின்சாரத்தை இழுத்துச் சூடேற்றுகிறது. நண்பகலில் வீடு பூட்டிக் கிடக்கும்போதும், நள்ளிரவில் எல்லாரும் உறங்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது. உள்ளுறைப் பஞ்சு நைந்துபோன பழைய 25 லிட்டர் கலத்தில் இவ்விழப்பு நாளொன்றுக்கு ஒரு யூனிட் வரை ஆகலாம். இக்காலத்துக் கலங்களில் நட்சத்திரக் குறியீட்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அந்நட்சத்திரங்கள் பெரும்பாலும் இந்த இழப்பைக் கொண்டே வழங்கப்படுகின்றன. மிகுந்த நட்சத்திரம் என்றால் நீர் சீக்கிரம் சுடும் என்று பலர் கருதுகின்றனர். அப்படியன்று, சுட்ட நீர் மெல்ல ஆறும் என்பதே அதன் பொருள்.

நாளொன்றுக்கு ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். இது பணமாக என்ன ஆகிறது என்பதைத் தமிழக மின்கட்டண முறை தெரிந்தால்தான் உணர முடியும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதன்படி இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் நூறு இலவசம். அடுத்த நூற்றுக்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. அதன்மேல் 500 வரை 6 ரூபாய். ஐந்நூற்றைத் தாண்டிவிட்டாலோ, 101 முதல் 200 வரை இருந்த 2 ரூபாய் 25 காசு மறைந்து, அதுவும் 4 ரூபாய் 50 காசாகிவிடும். 501 முதல் 600 வரை 8 ரூபாய். இம்முறையில் 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இப்போது ஒரு குடும்பம் 480 யூனிட் செலவழிப்பதாகக் கொள்வோம். கட்டணம் 1605 ரூபாய். அதே குடும்பம் கீசரை அணைக்காமல் விட்டு 60 யூனிட் கூடுதலாகச் செலவழித்தால் 540 யூனிட். கட்டணம் 2270 ரூபாய். 665 ரூபாய் எங்கே சென்றது? யாரும் குளிக்காத வெந்நீருக்குச் சென்றது. விகிதங்கள் அதன்பின் மாறியுள்ளன. அவரவர் பட்டியலில் உள்ள விகிதத்தைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் கொடுத்தால் விருப்பத்தோடு செய்வார்கள்.

பணம் ஒருபுறம் நிற்க. மின்சாரத்தில் தீ கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் தீயே இல்லை என்று நினைத்துவிடலாகாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும், வடசென்னையிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரியும் எரிகின்றன. அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் பெற, அந்த யூனிட் நமக்குத் திருப்பித் தரும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்திற்கு நிலக்கரியை எரிக்க வேண்டியிருக்கிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் தமிழகத்தில் பெருகியுள்ளன என்பது உண்மை. ஆயினும் காற்றும் வெயிலும் இல்லாத மார்கழி விடியல் ஐந்து மணிக்கு நாம் போடும் கீசருக்கு அவற்றைச் சான்று காட்டுதல் பொருந்தாது. அந்நேரத்தில் நம் பொருட்டு எங்கோ ஓர் உலை எரிகிறது.

அணைத்துப் போட்டால் அதிகம் இழுக்குமா?

"கீசரை அடிக்கடி அணைத்துப் போட்டால் கரண்டு அதிகம் இழுக்கும், போட்டபடியே விடுவதுதான் சிக்கனம்" என்று பல வீடுகளில் கூறக் கேட்கிறோம். இது தவறான கருத்து. சூடான பொருள் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு மிகுதியாகச் சூடாக உள்ளதோ அவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கும். 60 பாகையிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட கலம் இடைவிடாது மிகுதியாக இழக்கிறது. அணைக்கப்பட்ட கலம் ஆற ஆற அதன் இழப்பும் குறைகிறது. மறுநாள் அதனைச் சூடேற்ற வேண்டிய வெப்பம், இழந்த வெப்பத்திற்குச் சமமேயன்றி அதற்கு மேற்பட்டதன்று. ஆகவே எவ்வளவு நேரம் அணைத்து வைக்கிறோமோ அவ்வளவும் ஆதாயமே.

எப்போது போடுவது? இரண்டு கிலோவாட் ஆற்றலுள்ள 15 லிட்டர் கீசர் 27 பாகையிலிருந்து 60 பாகைக்கு வர 17 நிமிடம் போதும். 25 லிட்டர் கலமாயின் அரை மணி. குளிப்பதற்கு அவ்வளவு நேரம் முன்பாகப் போட்டு, வாளி நிரம்பியதும் அணைத்துவிடலாம். வீட்டில் உள்ளோர் ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிடுதல் நன்று. ஒருவர் ஐந்தரைக்கும், மற்றொருவர் ஏழுக்கும், இன்னொருவர் ஒன்பதரைக்கும் குளித்தால் அதே நீரை மும்முறை சூடேற்றுகிறோம். ஆலயம் செல்பவர் முதலிலும் அலுவலகம் செல்பவர் அடுத்தும் என்று முறை வைத்துக்கொண்டால் சண்டையும் குறையும்.

கலத்தின் வெப்ப அளவைத் திருகிக் குறைக்கும் வசதி உள்ள கீசர்களில் அதனை 50 பாகையில் வைத்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். 60 பாகை நீர் மேலே பட்டால் பெரியவர்களுக்கே ஐந்து விநாடியில் தோல் வெந்துவிடும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அதற்கும் குறைந்த நேரமே வேண்டும். 50 பாகையில் விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இளஞ்சூட்டில் நெடுநாள் தேங்கிய நீரில் நோய்க்கிருமி வளரக்கூடும். ஊருக்குச் சென்று பல நாள் கழித்துத் திரும்பினால், ஒருமுறை 60 பாகைக்குச் சூடேற்றிச் சிறிது நீரை வெளியேற்றிய பின் பயன்படுத்துதல் வேண்டும்.

குழாய் தரும் இழப்பைப் பலர் நினைப்பதேயில்லை. மாடியில் கீசர், கீழே குளியலறை என்று கட்டப்பட்ட வீடுகள் உண்டு. முக்கால் அங்குலக் குழாய் பத்து மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் நிற்கும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அந்தப் பச்சைத்தண்ணீர். அது வெளியேறிய பிறகே வெந்நீர் வரும். மூடியதும் மூன்று லிட்டர் வெந்நீர் குழாயிலேயே நின்று ஆறும். புது வீடு கட்டுவோர் கீசரைக் குளியலறையிலேயே, குழாய்க்கு மிக அருகில் வைக்கச் சொல்ல வேண்டும். கட்டிய வீட்டில் முதலில் வரும் பச்சைத்தண்ணீரை வாளியில் பிடித்து, அதன்மேல் வெந்நீரைப் பிடித்தால் விளாவுவதற்கு அதுவே ஆகும்.

பூந்தூவல் குழாயின்கீழ் நின்று குளிப்பது இன்று இளைஞரிடையே வழக்கமாகிவிட்டது. நிமிடத்திற்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை அதில் கொட்டும். ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு வாளிக்கு மேல். வாளியும் சொம்பும் பழமை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. வாளி ஒரு பரிமாணம். அது தீர்ந்தால் குளியல் தீர்ந்தது.

அடுப்பில் வைக்கும் வெந்நீர்

பழைய மண்ணடுப்புகளில் முதன்மை அடுப்பின் அருகே கொடியடுப்பு ஒன்று இருக்கும். சோறு வேகும் தீயின் மிச்ச அனல் உள்வழியாகச் சென்று கொடியடுப்பில் உள்ள நீரைச் சூடாக்கும். அதற்கென்று ஒரு சுள்ளியும் செலவில்லை. இதைவிடச் சிறந்த வெந்நீர்ச் சிக்கனத்தை எந்தப் பொறியாளரும் இதுவரை நமக்குக் காட்டிவிடவில்லை என்றே கூறலாம். எரிவாயு வந்தபின் கொடியடுப்பு போயிற்று. அதன் இடத்தில் நாம் செய்யத்தக்கவை சில உள.

எரிவாயு ஒரு கிலோவில் ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. அதில் அறுபது விழுக்காடு பாத்திரத்தில் சேர்வதாகக் கொள்வோம். ஒரு வாளிக் குளியலுக்கு வேண்டிய 260 கிலோ கலோரிக்கு 40 கிராம் எரிவாயு செலவாகும். நான்கு வாளிக்கு 160 கிராம். ஒரு மாதத்தில் 4.8 கிலோ. 14.2 கிலோ உருளையில் இது மூன்றில் ஒரு பங்கு! சமையலுக்கு வாங்கும் உருளை ஏன் முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது என்று வியக்கும் குடும்பங்கள், குளியல் வெந்நீர் எந்த அடுப்பில் வைக்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பலர் ஒரு பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, பின் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவுகின்றனர். இதில் தவறில்லை; நான்கு லிட்டர் கொதிநீர் ஒரு வாளிக்குப் போதும். தவறு எங்கே நேர்கிறதென்றால், கொதித்த பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதில். கொதிக்கும் நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. அதன்பின் கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செல்லும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 540 கிலோ கலோரி வேண்டும். இரண்டு வாளிக் குளியலின் வெப்பம் இது. குளியலறையில் ஒருவர் இருக்கிறார், அவர் வரட்டும் என்று மற்றவருக்கான பாத்திரத்தைக் கொதிக்கவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில், குளிப்பதைவிடக் காத்திருப்பதற்கே மிகுதியாக எரிவாயு செலவாகலாம். மூடியிட்ட பாத்திரம், அடிப்பகுதியை மீறாத சுடர், கொதி வந்ததும் அணைத்தல் ஆகிய இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

இனிக் குடிநீர். வடிகட்டிய நீரின் எல்லை 48 நிமிடம், கொதிக்கவைத்த நீரின் எல்லை 24 மணி நேரம் என்று வழங்கும் மரபை நம் குடும்பங்கள் பல இன்றும் கைக்கொள்கின்றன. விரதம் காப்போர் இல்லங்களில் கொதிநீரே குடிநீர். இதனையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம். நால்வருக்கு எட்டு லிட்டர் குடிநீரை 27 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த 584 கிலோ கலோரி வேண்டும். இது இரண்டு வாளிக் குளியலுக்கு வேண்டியதைவிட மிகுதி! அளவில் சிறிது என்று நாம் அலட்சியமாக விடும் குடிநீர், சூட்டில் பெரிது. இதனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் கூற மாட்டோம். விரதத்தின் பொருட்டும் உடல்நலத்தின் பொருட்டும் செய்வது அது. காலை ஒருமுறை, அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும், மூடியிட்டுக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டால் போதும். நீர் நன்கு தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும் என்பது மருத்துவர் கூற்று. பத்து நிமிடம் கொதிக்கவிடுவது எரிவாயுவைக் காற்றில் விடுவதாகும். இளஞ்சூடாகக் குடிக்க விரும்பும் முதியோருக்கு வெப்பக்குடுவையில் ஊற்றி வைத்தால், நாளில் நான்கு முறை அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

இவ்விடத்தில் கீசரைப் பற்றி ஒன்று கூற வேண்டும். துணியால் வடிகட்டிய பின்னரே நீரைச் சூடாக்குதல் நம் வழக்கம். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பதும் அதனோடு சேர்ந்த கடமை. கீசரிலோ மேல்தொட்டி நீர் வடிகட்டப்படாமலே உட்புகுந்து சூடேறுகிறது. வெளிவரும் குழாயில் துணி கட்டுவதால் பயனில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இயன்றவரை வடிகட்டிய நீரை வாளியிலோ அடுப்பிலோ சூடாக்கிக்கொள்ளும் வீடுகளே முறை தவறாதவை என்பது நம் கருத்து. அடுக்குமாடிக் குடியிருப்பில் இஃது எல்லார்க்கும் இயலாது என்பதையும் அறிவோம். இயலாதோர் சூடாக்கும் அளவையேனும் குறைப்பாராக.

தரையும் வெயிலும் தரும் சூடு

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் மார்கழி விடியலில் மேல்தொட்டி நீர் 22 பாகை வரை குளிர்ந்துவிடுகிறது. இரவு முழுவதும் பனிக்காற்றில் நின்ற நீர் அது. அதே நேரத்தில் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ ஏறும் நீர் ஏறத்தாழ 28 பாகை இருக்கும். நிலத்தடி நீரின் சூடு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. மார்கழியில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதாக நாம் உணர்வதன் காரணம் இதுதான். 40 பாகை வேண்டுமென்றால் தொட்டி நீரை 18 பாகை உயர்த்த வேண்டும், கிணற்று நீரை 12 பாகை உயர்த்தினால் போதும். வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மாலையில் தொட்டியை நிரப்புவதற்குப் பதிலாகக் காலையில் குளிக்குமுன் மோட்டார் போட்டு வாளிகளை நேரே பிடித்துக்கொள்வது கிராமத்து வீடுகளில் எளிது. நடுத்தர வயதினர் பலருக்கு அந்நீருக்குச் சூடேற்றவே தேவை இராது.

கோடையில் இதற்கு நேர்மாறு. பங்குனி முதல் ஆவணி வரை மாடியில் உள்ள கறுப்பு நிறத் தொட்டியே ஒரு சூரிய வெந்நீர்க் கலம். பிற்பகலில் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. குழந்தைகளையும் முதியோரையும் மாலை நான்கு மணியளவில் குளிப்பாட்டுவதென்று அம்மாதங்களில் வழக்கப்படுத்திக்கொண்டால் கீசரின் பொத்தானையே தொட வேண்டியதில்லை. தொட்டியில்லாத வீட்டில் வாயகன்ற பாத்திரத்தில் நீரை ஊற்றி முற்றத்து வெயிலில் வைக்கலாம். ஆழம் குறைந்து பரப்பு மிகுந்த பாத்திரமே விரைவில் சுடும். மெல்லிய துணியால் வாய் கட்டாமல் வைக்கக் கூடாது. பூச்சிகள் விழுந்து மடியும். சிக்கனம் செய்யப்போய் மூவறிவு நாலறிவு உயிர்களுக்கு ஊறு விளைவித்தல் ஆகாது.

கூரையின்மீது வைக்கும் சூரிய வெந்நீர்க் கருவியைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். கூட்டுக் குடும்பங்களுக்கும், யாத்திரிகர் தங்கும் விடுதிகளுக்கும், மாணவர் இல்லங்களுக்கும் அது மிகவும் ஏற்றது. நாள்தோறும் 100 லிட்டர் நீரை 30 பாகை உயர்த்தினால் மூன்றரை யூனிட் மிச்சமாகும். ஆயினும் ஆண்டில் மூன்று மாதமே வெந்நீர் நாடும் சமவெளிப் பகுதிச் சிறு குடும்பத்திற்கு, போட்ட பணம் திரும்ப நெடுநாளாகும். கடன் வாங்கி அமைக்குமாறு நாம் கூற மாட்டோம். நீர் உப்பாக உள்ள ஊர்களில் குழாய்களில் சுண்ணாம்புப் படிவம் சேர்ந்து கருவி விரைவில் பழுதாவதும் உண்டு. இதே படிவம் கீசரின் சூடேற்றும் கம்பியிலும் படிகிறது. படிவம் தடித்த கம்பி சூட்டை நீருக்கு எளிதில் விடாது. தானே மிகுதியாகச் சூடேறிக் கருகிவிடும். கொதிக்கும்போது கீசரிலிருந்து பொறிவது போன்ற ஓசை எழுந்தால் படிவம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆண்டுக்கொருமுறை திறந்து துப்புரவு செய்வித்து, உள்ளிருக்கும் மெக்னீசியத் தண்டு கரைந்திருந்தால் மாற்றுவிக்க வேண்டும். உப்பு நீர் தரும் அரிப்பைக் கலத்திற்குப் பதிலாக அத்தண்டு ஏற்றுக்கொள்கிறது.

சிக்கனத்தை முன்னிட்டு ஆபத்தை வரவழைத்துக்கொள்ளலாகாது. வாளியில் தொங்கவிடும் மின்கம்பி வேண்டிய அளவு நீரை மட்டும் சூடாக்குவதால் சிக்கனமானதுதான். ஆனால் சூடு பதமா என்று கையை விட்டுப் பார்த்து உயிரிழந்தோர் பலர். மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே நீரைத் தொட வேண்டும். உலோக வாளி வேண்டா. மின்கசிவு நேர்ந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி வீட்டில் இருத்தல் வேண்டும். எரிவாயுவால் இயங்கும் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைத்தல் கூடவே கூடாது. காற்றுப் போதாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. குளிக்கச் சென்றவர் மயங்கி விழுந்த பின்னரே வீட்டார் அறிவர். அக்கருவி வெளிப்புறச் சுவரிலோ திறந்த முற்றத்திலோதான் இருக்க வேண்டும்.

வீட்டில் யாருடைய வாளியைக் குறைப்பது என்ற பேச்சு எழும். அப்போது மாமியார் மருமகள் வாளியையும் மருமகள் மாமியார் வாளியையும் பார்ப்பது இயல்பு. வாளியை எண்ணுமுன் கீசரின் பொத்தானை எண்ணுக. மேற்கண்ட கணக்கில் குளித்தவர் நால்வரின் செலவு 72 யூனிட், குளிக்காத வெந்நீரின் செலவு 60 யூனிட் என்பதை நினைவில் கொள்க. மூட்டுவலி உடையவருக்கும், பிள்ளை பெற்றவருக்கும், நோயிலிருந்து தேறுபவருக்கும் வெந்நீரில் குறை வைக்க வேண்டா.

வரும் இரண்டு மாதங்களுக்கு இதனை ஒரு வீட்டுப் பாடமாக நம் குடும்பங்கள் மேற்கொள்ளலாம். மின்கணக்கு எடுக்க வந்த அன்று அளவியின் எண்ணை நாட்காட்டியில் குறித்துக்கொள்க. எரிவாயு உருளை மாற்றிய நாளையும் அதே நாட்காட்டியில் குறித்துக்கொள்க. கீசரைப் போட்ட நேரமும் அணைத்த நேரமும் குளியலறைக் கதவருகே தொங்கும் ஒரு சிறு தாளில் எழுதப்படட்டும். எழுதும் பொறுப்பு வீட்டில் இளையவருக்கு உரியது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அளவியின் எண்ணைப் பார்த்து முன் வார எண்ணைக் கழித்து அருகில் எழுதுக. எட்டாவது வாரத்தில் 500 யூனிட் எல்லைக்கு எத்தனை யூனிட் எஞ்சியிருக்கிறது என்பது, பட்டியல் வருமுன்னரே வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்கும்.